அத்தை, நாங்கள், எங்கள் ஹெரால்டு!

பழைய கார் இருக்கிற வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும், அது காரா, இல்லை வீட்டில் இன்னொரு வயசாளியா என்று! காலையில் எழுந்ததும் தண்ணீர் பார்க்கணும், ஆயில் பார்க்கணும், மழை வந்தால் ஓடிப்போய்ப் போர்த்தி விடணும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. 1967-ல் என் மாமனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இளம் வாசகிகள் பலர் இந்தக் காரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு மாடலை வைத்து 1961 முதல் இங்கே செய்தார்கள். அந்தக் காலத்தில் அம்பாசடர், பியட், ஹெரால்டு, இந்த மூன்றுதான் நம் ரோட்டில் அதிகம். எங்கள் வண்டிக்கு இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏறணும். புடவையோடு ஏறி இறங்குவதே ஒரு வித்தை! பானெட் மற்ற கார் போல இல்லை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கமாக அப்படியே கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

மாமா தவறி மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடம் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் என் மகன் போனில் கணக்குப் போட்டான். "ரெனியூவலுக்குப் பணம், டயருக்குப் பணம், பேட்டரிக்குப் பணம்... மாசத்துல ரெண்டு நாள் ஓடற வண்டிக்கு இதெல்லாம் எதுக்கும்மா? எடைக்குப் போட்டுடலாம்."

பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டும் போனார். என் கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தை வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இந்த நேரத்தில்தான், கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள் என்று இவருடைய நண்பர் மூலம் தெரிந்தது. "போய்ப் பார்த்துட்டு வந்து ஒரு முடிவுக்கு வரலாங்க. அங்க வர்றவங்க எல்லாம் எப்படிச் சமாளிக்கறாங்கன்னு கேட்டுக்கலாம்" என்றேன் நான். உள்ளே இருந்து அத்தையின் குரல், "நானும் வரேன்." அவர்களுக்கு வயது 78!

திருச்சியிலிருந்து கோவைக்குச் சுமார் 210 கிலோமீட்டர். வெயிலுக்கு முன் பாதி தூரமாவது போய்விட வேண்டும் என்று விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பினோம். புளிசாதம், மோர், இரண்டு குடம் தண்ணீர், கூடவே மாமாவின் தகரப் பெட்டி. அதில் அவர் நாற்பது வருடமாகச் சேர்த்த ஸ்பேர் பார்ட்ஸ். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, மேலே பெயர் எழுதி வைத்திருப்பார்.

குளித்தலை தாண்டி மாயனூர் வரும்போது பொழுது விடிந்தது. ஒரு பக்கம் காவிரி, வழியெல்லாம் வாழைத் தோப்பு. ஐம்பதுக்கு மேல் இவர் போகவே இல்லை. புதுக்கார்கள் எல்லாம் சர் சர்ரென்று எங்களைத் தாண்டிப் போயின. ஆனால் தாண்டிய முக்கால்வாசிப் பேர் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார்கள்! கரூர் தாண்டி வெள்ளகோவிலில் டிபன். டீக்கடைப் பெரியவர் பானெட்டைத் தட்டிப் பார்த்து, "எங்க டாக்டர்கிட்ட இதே வண்டி இருந்துச்சும்மா" என்றார்.

காங்கேயம் ஊருக்குள் நல்ல நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தோம். கொஞ்ச தூரத்தில் வண்டி இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. மணி பத்தரை, மாசிக் கடைசி வெயில். இவர் செல்ஃப் போட்டுப் பார்க்கிறார், ம்ஹூம்... எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தை மட்டும் பதறவில்லை. "அந்தப் பம்பு மேல ஈரத்துணியைப் போட்டுட்டுக் கால் மணி நேரம் சும்மா இருடா. உங்கப்பா பழனிக்குப் போறப்ப எல்லாம் அதான் பண்ணுவார்" என்றார்கள்.

விஷயம் இதுதான். இந்தக் கார்களில் பெட்ரோலை டேங்கிலிருந்து இழுக்கும் சின்னப் பம்பு என்ஜினை ஒட்டியே இருக்கும். மெக்கானிக்குகள் ஏ.சி. பம்பு என்பார்கள். வண்டி ஊர்ந்து போகும்போது காற்றோட்டம் இல்லாமல் அது கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் ஆவியை இழுக்க முடியாது. குளிர வைத்தால் தானாகச் சரியாகும். நாங்கள் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு வெள்ளை பியட் எங்கள் பின்னால் வந்து நின்றது. முன்பின் தெரியாத தஞ்சாவூர்த் தம்பதி, அவர்களும் கோவைக்குத்தான். "பழைய வண்டி பானெட் திறந்திருந்தா, இன்னொரு பழைய வண்டி தாண்டிப் போகக்கூடாதுங்க" என்றார் அந்த அம்மா. கால் மணி நேரத்தில் ஹெரால்டு கிளம்பியது. பல்லடம், சூலூர் வழியாகக் கோவை வரை அந்தப் பியட் எங்கள் பின்னாலேயே வந்தது.

கோவையில் ஒரு பள்ளி மைதானம். முப்பது வண்டிகளுக்குக் குறையாது. அம்பாசடர், பியட், மோரிஸ் மைனர், பின்பக்கம் என்ஜின் வைத்த வோல்க்ஸ்வேகன் பீட்டில், பொம்மைக் கார் மாதிரி ஒரு பேபி ஆஸ்டின். நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், வந்தவர்களில் பெண்கள் பாதிப் பேர்! வேப்பமரத்தடியில் எங்கள் ஜமா சேர்ந்துவிட்டது. பொள்ளாச்சிக்காரப் பெண் ஒருத்தி தன் அம்பாசடருக்குச் சீட் உறை முழுக்கத் தானே வீட்டுத் தையல் மெஷினில் தைத்திருந்தாள். ஈரோட்டு அக்கா ஒருவர், காருக்கென்று தனி நோட்டு போட்டு ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைத்திருந்தார். மோரிஸ் மைனரை ஓட்டி வந்ததே அறுபது வயது தாண்டிய ஒரு ரிட்டயர்டு டீச்சர்.

பதிவு விஷயத்தை ஒரு பெரியவர் புட்டுப் புட்டு வைத்தார். சொந்தக் காருக்கு முதல் 15 வருடம் ஆனதும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் தாண்டி, மூல உருவம் மாறாமல் இருக்கும் காரை 'விண்டேஜ்' என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இந்த மாதிரிக் காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். கோயில் குளம் என்று தினப்படி ஓட்ட முடியாது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். சேலத்திலிருந்து காரில்லாமல் பஸ்ஸில் வந்திருந்த ஒரு இளைஞர் எங்கள் ஹெரால்டையே சுற்றிச் சுற்றி வந்தார். "எங்கப்பா வண்டியும் இதேதாம்மா. டிஸ்ட்ரிபியூட்டர் கேப் உடைஞ்சு ரெண்டு வருஷமா ஷெட்டுல நிக்குது. எங்க தேடியும் கிடைக்கலை" என்றார். கம்பெனியே 1980-களின் கடைசியில் உற்பத்தியை நிறுத்திவிட்டதே, எங்கே போய்த் தேடுவது?

நாங்கள் என்ன பேசுவது என்று யோசிக்கும் முன்பே அத்தை தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மாமாவின் கையெழுத்தில் 'கேப் - 2' என்று எழுதிய பொட்டலம். அதில் ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் வைத்தார்கள். அவர் பணம் எடுக்கப் போனார். "காசு வேண்டாம்ப்பா. வண்டி ஓடினதும் உங்கப்பாவை உக்கார வெச்சு ஒரு சுத்து சுத்திட்டு, எனக்கு ஒரு போன் போடு" என்றார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும்தான்.

அன்று இரவு உறவினர் வீட்டில் படுத்திருக்கும்போது அத்தை மெதுவாகச் சொன்னார்கள். "பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்ததுக்கு அவர் கோவிச்சுக்க மாட்டார். ஓடற வண்டியை உடைக்கக் குடுத்தாத்தான் மனசு ஆறாது." மூன்று வருடத்தில் அந்தக் காரைப் பற்றி அவர்கள் பேசியது அன்றுதான்.

மறுநாள் காலை, கூட்டத்தில் சொன்னார்கள் என்று அவினாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனோம். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சி - பழனி ரோட்டில் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் சேர்த்த கார்கள். 2015 முதல் பொதுமக்கள் பார்க்கலாம். அங்கே 1886-ம் வருட பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி ஒன்று இருக்கிறது. காரில் முதன்முதலாக நெடுந்தூரம் போனது யார் தெரியுமா? அதைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் இல்லை, அவர் மனைவி பெர்த்தா! 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டர் தாண்டியிருந்த அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். பெட்ரோல் பங்கே இல்லாத காலம். மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினாராம். பெட்ரோல் வரும் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாராம். கேட்டதும் அத்தை, "அம்மா வீட்டுக்குப் போறதுன்னா யாருக்கும் தைரியம் வந்துடும்!" என்றார்களே பார்க்கணும்!

திரும்பும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் கணக்குப் போட்டேன். 10,000 ரூபாயை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 2,000. இன்சூரன்ஸ், ஆயில், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவில் இருந்து மாதா மாதம் ஒரு தொகை ஒதுக்கிவிட்டால் மலைப்பு இல்லை. அத்தைக்கு வெள்ளிக்கிழமை சமயபுரம் போகணும். அதனால் விண்டேஜ் பதிவு வேண்டாம், வழக்கமான பதிவையே புதுப்பிப்பது என்று முடிவு செய்தோம். மகனுக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். சிரித்துக்கொண்டே, "சரிம்மா, டயர் மட்டும் என் கணக்கு" என்றான். பழைய இரும்புக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது.

வீட்டில் பழைய கார் நிற்கும் சகோதரிகளுக்கு, வேப்பமரத்தடியில் நான் குறித்துக்கொண்டு வந்த சில விஷயங்கள்:

* காரைச் சும்மா நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு முறை பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஓடாத வண்டிதான் சீக்கிரம் கெடும்.

* 2025 முதல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய காரின் ரப்பர் டியூப், பம்பில் இருக்கும் ரப்பர் எல்லாவற்றையும் அது அரிக்கும். எத்தனால் தாங்கும் டியூபாக மாற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

* வெளியூர் போவதாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

* வெயில் காலத்தில் நெடுந்தூரம் போனால் தண்ணீரும் பழைய துணியும் கையோடு இருக்கட்டும். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

* வீட்டுப் பெரியவர்கள் சேர்த்து வைத்த ஸ்பேர் பார்ட்ஸைக் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்கு உதவாவிட்டாலும் எங்கோ ஒரு வண்டி அதற்காகக் காத்திருக்கும்.

போன வாரம் அத்தைக்குச் சேலத்திலிருந்து போன் வந்தது. அந்த ஹெரால்டு ஓடுகிறதாம். அந்தப் பிள்ளையின் அப்பா, வீட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை முன் சீட்டில் உட்கார்ந்து போய் வந்தாராம்.

- ஒரு வாசகி, திருச்சி.