முதல் நொடியில் எவ்வளவு காற்று?

மார்பு நிறைய மூச்சை இழுங்கள். இப்போது ஒரே மூச்சில் வேகமாக ஊதித் தள்ளுங்கள். நுரையீரல் நன்றாக இருந்தால், முதல் நொடியிலேயே ஏறக்குறைய முக்கால் பங்குக் காற்று, சிலருக்கு அதற்கும் மேலே, வெளியே போய்விடும்.

பல வருடம் பீடி பிடித்தவருக்கோ, விறகடுப்புப் புகையிலேயே சமைத்த பாட்டிக்கோ அப்படிப் போகாமல் இருக்கலாம். புகை பட்டுப் பட்டு மூச்சுக்குழாய்கள் வீங்கி, சளியும் அடைத்திருக்கும். உள்ளே போன காற்று வெளியே வரத்தான் திணறும். இதுதான் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். "வயசாச்சு, இளைக்கத்தானே செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அது சரியே இல்லை. ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்தச் சோதனைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். மூக்கில் கிளிப், வாயில் குழாய். "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க!" என்று பக்கத்திலிருப்பவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதவைப்பார்கள். அப்போதும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அடைப்பு நிலையானது.

1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் தம் கருவியைப் பற்றி எழுதினார். ஊதினால் தண்ணீரில் கவிழ்த்த பாத்திரம் மேலே எழும். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்துக் காற்றின் அளவைக் குறித்தார். எவ்வளவு வேகம் என்று பார்க்கும் முறை நூறு வருடம் கழித்துத்தான் வந்தது.

சரி, இருமலோடு வந்தவரின் கணுக்காலை மருத்துவர் ஏன் விரலால் அழுத்துகிறார்? இதயத்தின் வலப்பக்கம்தான் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைந்த பகுதியில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் தாமே சுருங்கும். ரத்தம் நல்ல காற்றுள்ள பக்கம் திரும்பட்டும் என்று உடம்பு செய்யும் ஏற்பாடு அது. நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைந்தால்? எல்லாக் குழாயும் சுருங்கி அழுத்தம் ஏறும். எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலப்பக்க இதயம் தடித்து, கடைசியில் தளரும். காலில் நீர் கோக்கும். அழுத்திய இடத்தில் குழி விழும்.

உடனே விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவார்கள், இசிஜி எடுப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது எக்கோதான். காதுக்குக் கேட்காத ஒலியை மார்புக்குள் அனுப்பினால், இதயம் திரையில் துடிக்கும். வலப்பக்க வால்வு வழியே பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை அளந்து, ஊசி குத்தாமலே நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்!