தானாகக் கழலும் கியர்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீதிகள் யாவும் சமதரையானவை அல்ல. உவர்மலையை அணுகியதும் வீதி மேல்நோக்கி எழுகிறது. கோட்டைக்குள்ளே கோணேசர் கோயிலை நோக்கிச் செல்லும் பாதையும் ஏற்றந்தான். சீனன்குடாவிலே கோதுமை மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் கந்தளாய், ஹபரணை வழியாக வெளியூர் செல்கின்றன. மலைநாட்டை நோக்கிச் செல்பவை நீண்ட இறக்கங்களையும் கடக்க வேண்டும். அவ்வாறு இரண்டாவது கியரிலே பாரத்துடன் இறங்கும்போது, கியர்த்தடி தானாகவே நடுநிலைக்குக் கழன்று வந்தால் என்ன ஆகும்? வண்டியை இழுத்துப் பிடித்திருந்த எஞ்சினின் பிடி அக்கணமே அற்றுப்போகும். சுமை முழுவதையும் பிறேக்கே தாங்க நேரும். இடைவிடாது அழுத்தினால், பிறேக்கும் சூடேறித் தன் பிடியை இழக்கும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். எஞ்சின் உரத்து இரைகிறது, வண்டி அதற்கேற்ப விரையவில்லை, ஆனால் தடி இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றால் வழுக்குவது கிளச். தடியே இடம் பெயர்ந்தால்தான் கியர் கழல்கிறது என்று கொள்ளல் வேண்டும். இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

இனிப் பெட்டியின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இக்காலக் கியர்ப்பெட்டிகளிலே முன்செல்லும் பற்சக்கரங்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று பூட்டியே சுழல்கின்றன. நாம் தடியைத் தள்ளும்போது, கவை போன்ற ஓர் உறுப்பு ஒரு வளையத்தை நகர்த்துகிறது. அவ்வளையம் வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கிறது. இவ்விணைப்பு அதிர்ச்சியின்றி நிகழ இருபுற வேகங்களையும் ஒன்றாக்கும் பொறிமுறை, 1928ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கடிலாக் மோட்டார் வண்டிகளில் முதன்முதலாக வந்தது. நகர்ந்த கவையை அவ்விடத்திலேயே நிறுத்துவது, சுருள்வில் அழுத்தும் ஒரு சிறு உருக்குக் குண்டு. வளையத்தின் பற்களும் சக்கரத்தின் பற்களும் கூர்மழுங்காமல் இருந்தால், சுமை ஏற ஏற ஒன்றையொன்று இறுகப் பற்றும். மழுங்கிவிட்டாலோ, அதே சுமை வளையத்தை வெளியே தள்ளிவிடும்.

ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

எந்தக் கியர் கழல்கிறது? ஒரே ஒரு கியர் என்றால், அக்கியரின் பற்கள் தேய்ந்திருக்கலாம். ஒரே கவையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கியர்கள், உதாரணமாக மூன்றாவதும் நான்காவதும் கழன்றால், அக்கவை வளைந்திருக்கலாம், அல்லது அதற்குரிய சுருள்வில் தளர்ந்திருக்கலாம். எல்லாக் கியர்களுமே கழன்றால், குற்றம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே உள்ளது.

எப்பொழுது கழல்கிறது? அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன், சாய்வான பற்கள் தண்டைத் தள்ளும் திசை மாறுகிறது. பேரிங் தேய்ந்திருந்தால் தண்டு முன்பின்னாக நகர்ந்து இணைப்பை விடுவிக்கும். பள்ளத்தில் விழுந்து எழும்போது கழன்றால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களையும் குண்டை அழுத்தும் சுருள்வில்லையும் ஐயுறுக.

தடி முழுத்தூரம் செல்கிறதா? இணைப்புக் கம்பிகளின் அளவு பிசகினாலும், தடியின் ரப்பர் உறை தடுத்தாலும், பற்கள் அரைகுறையாகவே பொருந்தும். புறத்தே செய்யும் சிறு திருத்தத்தாலேயே இது தீர்ந்துவிடும்.

இவற்றுக்குப் பின்னரே எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். வடிகுழாய் மூடியின் காந்தத்திலே மென்மையான கருஞ்சாந்து சிறிது படிந்திருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் கிடந்தால், பெட்டியைத் திறப்பதைத் தள்ளிப்போடலாகாது.

சாரதிகள் சிலர், கழலும் தடியைக் கையால் அழுத்திப் பிடித்தும், ரப்பர்ப் பட்டியால் இழுத்துக் கட்டியும் காலங்கழிப்பதுண்டு. இது நோயை மறைப்பதோடு வளர்க்கவும் செய்கிறது. ஓயாது சுழலும் வளையத்தின்மேல் கவை உராய்ந்து தேய்கிறது; சிறு செலவில் முடியவேண்டிய வேலை, பெட்டி முழுவதையும் பிரிக்கும் வேலையாக முடிகிறது. குற்றமற்ற வண்டியிலுங்கூடத் தடியின்மீது கையை ஊன்றி வைத்திருக்கும் பழக்கம் இதே தேய்வைத் தரும்.

பழுதுபார்ப்பவரிடம் செல்லும்போது, "கியர் நிற்கவில்லை" என்று மட்டும் கூறாதீர்கள். எந்தக் கியர், எவ்வேளையில், தடி எவ்வளவு தூரம் சென்று நிற்கிறது என்று கூறுங்கள். வெளியிலுள்ள கம்பியைத் திருத்தினால் போதுமா, பெட்டியை இறக்க வேண்டுமா என்பதை அவர் அதைக்கொண்டே பெரும்பாலும் ஊகித்துவிடுவார். அதுவரை அந்த வண்டியிலே பாரம் ஏற்றி இறக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.