பதற்றத்துக்குத் தரப்படும் இருவகை மருந்துகள்

தேர்வு, கடன், நோய் என்று காரணம் தெரிந்து எழும் பதற்றம் இயல்பானது. அது காரணத்தை மீறி மாதக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் வேலையையும் குலைக்கும்போதே மருத்துவம் அதைப் பதற்றக் கோளாறு என்கிறது. அதற்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைகளில் ஒருவகை ஒரு மணி நேரத்துக்குள் அமைதி தரும்; மற்றொரு வகை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். உடனே கேட்பதே நல்ல மருந்து என்ற பரவலான எண்ணம் இங்கே நோயாளிக்குப் பாதகமாக முடியக்கூடும்.

விரைந்து செயல்படும் வகைக்குப் பென்சோடயசிபைன்கள் என்று பெயர். அமெரிக்காவில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கி, பயனற்றதென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு சேர்மம், 1957இல் மேசையை ஒழுங்குபடுத்தும்போது மீண்டும் கண்ணில் பட்டுச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. அது 1960இல் லிப்ரியம் என்ற பெயரிலும், அதன் வழிவந்த டயசிபாம் 1963இல் வேலியம் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன. அளவு சற்றுக் கூடினாலே மூச்சை நிறுத்திவிடக்கூடிய பார்பிட்யூரேட் மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை என்பதால் மருத்துவர்கள் இவற்றைத் தாராளமாக எழுதினர்.

மூளையில் நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை இம்மருந்துகள் வலுப்படுத்துகின்றன. நாள்தோறும் உட்கொண்டால் மூளை அதற்குப் பழகிவிடுவதால், பழைய அளவு போதாமற்போவதோடு, திடீரென நிறுத்தும்போது பதற்றமும் தூக்கமின்மையும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி, சிலருக்கு வலிப்பு வரையிலும் செல்லும். மதுவோடு சேர்ந்தால் மூச்சு மந்தப்படும். முதியோர் தடுமாறி விழும் வாய்ப்பும் கூடும்.

நீண்டகாலச் சிகிச்சைக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்படுபவை, மனச்சோர்வுக்கென உருவான எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை. நரம்பணுக்கள் வெளியிடும் செரோடோனினை அவையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இம்மருந்துகள் தடுக்கின்றன. செரோடோனின் சில மணி நேரத்திலேயே கூடினாலும், அதற்கேற்ப மூளை தன்னை மாற்றிக்கொள்ள வாரங்கள் ஆகின்றன. முதல் சில நாட்களில் குமட்டலும், சிலருக்குப் பதற்றமே சற்று அதிகமாவதும் உண்டு என்பதால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் கைவிடுவது அக்கட்டத்தில்தான். இளவயதினரிடம் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று குடும்பத்தார் கவனிக்க வேண்டிய காலமும் அதுவே. இந்த இடைவெளியைக் கடக்கவே சில மருத்துவர்கள் தொடக்கத்தில் பென்சோடயசிபைனையும் குறுகிய காலத்துக்குச் சேர்த்துத் தந்து, பின்னர் படிப்படியாகக் குறைக்கின்றனர்.

நடைமுறையில் பல வீடுகளில் நேர்வது இதற்கு நேர்மாறானது: மெதுவாகக் குணம் தரும் மாத்திரை நின்றுபோக, உடனடி மாத்திரை தொடர்கிறது. காலி அட்டையைக் கடையில் நீட்டி அதையே கேட்டு வாங்கும் இப்பழக்கத்தைத் தடுக்கவே, இந்தியாவில் 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசிபாம் முதலியவை எச்1 அட்டவணையின்கீழ் வந்தன. அவற்றின் உறையில் சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கும். விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் கொடுத்த அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

எண்ணப்போக்கையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சையும் பதற்றக் கோளாறுக்கு மருந்துக்கு இணையான பலன் தரவல்லது. மாத்திரைதான் வழி என்று முடிவானால், எது எந்த வகை, எவ்வளவு காலம், நிறுத்துவது எப்படி என்ற மூன்றையும் மருந்துச்சீட்டை வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.