கணினியின் நிலைகுலைவும் அதன் காரணம் காணும் நெறியும்

இல்லந்தோறும் கணினி இடம்பெற்றுவிட்ட இக்காலத்தில், அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென நின்றுபோதல் பலரும் அறிந்த தொல்லையாகும். என்றோ ஒருமுறை நிகழின் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. வாரத்திற்கு இருமுறை, நாளுக்கு மும்முறை எனப் பெருகுமாயின், காரணமொன்று உள்ளே உண்டென்பது துணிபு. அதனை முறைப்படி காணும் வழியை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இந்நிலைகுலைவு இருவகைப்படும். முதலாவது, திரை நீலமாகவோ கறுப்பாகவோ மாறி, பிழையின் பெயரைக் காட்டி நிற்பது. இது பணிசெயல் முறைமை தானாகவே மேற்கொள்ளும் நிறுத்தமாகும். தன் உட்கருவிற் பொருந்தாத ஒன்று நிகழக் கண்டவுடன், தொடர்ந்து இயங்கின் தரவுகள் சிதையும் என்பதனால் அது நின்றுவிடுகின்றது. இரண்டாவது, விளக்கணைந்தாற்போல யாதொரு அறிவிப்புமின்றி அணைந்துபோவது. மின்வழங்கலோ வெப்பமோ இதற்குக் காரணமாதல் பெரும்பான்மை.

புறத்தோற்றம் ஒன்றாயினும் காரணம் வேறாதல் உண்டு. 2024 யூலை 19 ஆம் நாள், கிறவுட்ஸ்றைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தலால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. அவற்றின் வன்பொருள் பழுதுற்றிலது. பிழையான கோப்பை நீக்கியதும் அவை இயங்கின. அதே ஆண்டில், இன்ரெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பலவும் நிலைகுலைவுக்கு உள்ளாயின. மிகையான மின்னழுத்தமே காரணமெனக் கண்ட அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆயினும் முன்னரே கேடுற்ற செயலிகளை மாற்றவே வேண்டியிருந்தது. முன்னதில் வன்பொருளை மாற்றுவதும், பின்னதில் விண்டோசை மீள நிறுவுவதும் வீண்செயல்களாம்.

இனிச் செய்முறையைக் கூறுவாம். சோதனைக்கு முன்னர்த் தரவுகளை வெளித்தட்டொன்றிற் படியெடுத்தல் வேண்டும். எனினும் பழைய படியின்மேற் புதியதை எழுதலாகாது. நினைவகம் பழுதாயின், படியெடுக்கும்போதே கோப்புகள் ஓசையின்றித் திரிபடைதல் கூடும். பல்லாண்டு பேணிய நிழற்படங்களும், மாணவன் எழுதிய ஆய்வேடும் இவ்வாறு கெடலாம். கணினி நிற்பதனினும் இதுவே பெருங்கேடு.

அடுத்து, விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டை வாசித்தல் வேண்டும். அதில் 41 என்னும் எண்ணுடைய பதிவு, கணினி ஒழுங்காக மூடப்படாது மீளத் தொடங்கியதனையே கூறும், காரணத்தைக் கூறாது. தொல்லை தொடங்கிய நாளையொட்டி நிறுவிய மென்பொருளும் இணைத்த சாதனமும் எவையென நோக்குக. பாதுகாப்பு முறையில் இயக்கும்போது தொல்லை மறையுமாயின், சாதன இயக்கி மென்பொருள்மீது ஐயம் கொள்ளலாம்.

பின்னர் வன்பொருளைச் சோதித்தல் வேண்டும். செயலிகள் பல ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் தம் வேகத்தைத் தாமே குறைக்கும். மேலும் சூடேறின் அணைந்துவிடும். விசிறியிற் படிந்த தூசியும், உலர்ந்துபோன வெப்பப் பசையும் இதற்கு ஏதுவாகும். நினைவகத்தை மெம்டெஸ்ற் 86 போன்ற கருவியால் ஓர் இரவு முழுவதும் சோதிக்க; ஒரு பிழை தோன்றினும் அதனைப் புறக்கணித்தலாகாது. மின்வழங்கியின் 12 வோல்ற்றுப் பாதை 11.4 முதல் 12.6 வோல்ற்று வரை நிற்றல் வேண்டும். வழங்கியின் பெட்டியை மட்டும் திறத்தலாகாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

எல்லாவற்றினும் தலையாய விதி, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல். நினைவகத்தை மாற்றி, விண்டோசையும் உடன் மீள நிறுவித் தொல்லை தீருமாயின், தீர்த்தது எதுவென அறிய வழியில்லை. வாரத்திற்கு ஒருமுறை நிற்கும் கணினி, ஒருநாள் நில்லாதிருந்தமை குணமடைந்ததற்குச் சான்றன்று. சில வாரங்களேனும் பொறுத்து நோக்குதல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில் ஏனையவற்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றி நோக்கும் முறையை நம் மாணவர் நன்கறிவர். அம்முறையே ஈண்டும் பயன்படுவது. நின்ற நாள், நேரம், பிழையின் பெயர், செய்த மாற்றம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. புதிய உறுப்பொன்றை வாங்குமுன், அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பதே சிக்கனமான முதற்படியாகும்.