கடலும் வானும் – 9: பலாலியை விட்டுப் பெரிதாகிய விமானங்கள்

பலாலியிலிருந்து விமானம் ஏன் நின்றுபோனது என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: சண்டை. கடந்த கிழமை காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசியபோது அந்தப் பதில் பெரும்பாலும் பொருந்தியது. விமானத்தின் கதையில் அது பாதிதான் பொருந்துகிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சண்டை மூண்ட 1983 யூலைக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, பலாலியில் இறக்கி ஏற்றக்கூடிய பயணிகள் விமானம் எதுவும் இந்த நாட்டின் தேசிய விமான நிறுவனத்திடம் இல்லாமற் போய்விட்டது. யாரும் குண்டு போட்டு அந்த நிலையை உண்டாக்கவில்லை. எந்த விமானத்தை வாங்குவது, எந்த விமானத்தை விடுவது என்று கொழும்பில் எடுத்த முடிவுகளே அதை உண்டாக்கின. பின்னால் வந்த போர் அந்த முடிவுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.

தொடக்கம் இதற்கு நேர்மாறாக இருந்தது. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பிச் சென்னைக்குப் போனது. வழியில் யாழ்ப்பாணத்தில் இறங்கிப் போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதைதான் நமது பலாலி. அப்போது அதைக் காங்கேசன்துறை என்றே குறித்தார்கள். விமானம் டக்கோட்டா எனப்படும் டிசி-3. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர் சூட்டிய மூன்று டக்கோட்டாக்களோடுதான் நிறுவனம் தொடங்கியது. இரண்டு விசிறி, இருபத்தொன்று முதல் இருபத்தெட்டு வரை இருக்கை, நிலத்தில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்திருக்கும் உடல். ஏறியவர் தன் இருக்கைக்குப் போக மேட்டில் ஏறுவதுபோல நடக்க வேண்டும். போருக்காக ஆயிரக்கணக்கில் செய்து, போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த விமானம் அது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் பலவும் தங்கள் வான்சேவையை அதைக்கொண்டே ஆரம்பித்தன.

இந்த நிறுத்தத்தை யாழ்ப்பாணத்துக்குக் காட்டிய சலுகை என்று நினைக்கக்கூடாது. நாட்டுப்படத்தில் அளந்து பாருங்கள். பலாலியிலிருந்து இரத்மலானை நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சென்னை ஏறத்தாழ 355. இரண்டுக்கும் நடுவில் பலாலி இருக்கிறது. கொழும்பில் ஏறியவர் இறங்கிய இருக்கையில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஏறிச் சென்னைக்குப் போகலாம்; திரும்பும்போதும் அப்படியே. ஒரு இருக்கையை ஒரே பயணத்தில் இருமுறை விற்க முடிந்தது. திருச்சியோ இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றர் அளவில். 1964இல் அவ்ரோ 748 வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. டக்கோட்டாவின் இடத்தைப் பிடிக்கவென்றே இங்கிலாந்தில் வடிவமைத்த விமானம் அது. நாற்பதுக்கு மேல் இருக்கை, ரோல்ஸ் ரோய்ஸ் டார்ட் இயந்திரம், குறுகிய கரடுமுரடான ஓடுபாதையிலும் இறங்கும் திறன். இந்தியா அதே விமானத்தைக் கான்பூரில் தானே செய்தது. சில ஆண்டுகளில் முப்பதுக்குட்பட்ட இருக்கைகளோடு ஒரு நோர் 262உம் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தின் பொற்காலம் என்று மூத்தவர்கள் சொல்லும் அந்த இரண்டு பத்தாண்டுகளை ஓட்டியவை இந்தச் சிறிய விசிறி விமானங்களே.

அதே காலத்தில் அணியின் மறுமுனை வேறு திசையில் வளர்ந்தது. 1949இலிருந்து அவுஸ்திரேலிய நிறுவனத்தின் கூட்டோடு டிசி-4, 1956இலிருந்து டச்சு கேஎல்எம் கூட்டோடு கொன்ஸ்ரலேசன், பிறகு எலெக்ரா. 1962இல் பிரித்தானிய பிஓஏசி மூலம் கொமெற் ஜெட். 1969இல் ஒரேயொரு ரைடன்ற். 1972இல் பிரெஞ்சு யூரிஏயிடமிருந்து டிசி-8. கூட்டாளி மாறும்போதெல்லாம் விமானமும் மாறியது. லண்டன் பறப்புத்தான் நாட்டின் மானம் என்று கருதிய காலம் அது. சுதந்திரம் பெற்ற எந்த நாட்டைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆனால் ஜெட் விமானத்துக்குத் தன் இயல்பு உண்டு. உயரே ஏறி நெடுந்தூரம் பறந்தால்தான் எரிபொருள் கட்டும். இடையில் இறங்குவது அதற்கு நட்டம். அத்திலாந்திக்கைக் கடக்க விசிறி விமானங்கள் எரிபொருளுக்காக இறங்கிய கனடாவின் காண்டர் நிலையம் ஜெட் வந்ததும் வெறிச்சோடியது. இடைநிலையம் என்ற பிறவியையே ஜெட் ஒழித்தது. ஓடுபாதைகளும் விமானங்களின் பின்னாலேயே போயின. இரத்மலானை போதாது என்று கட்டுநாயக்கவில் 3,350 மீற்றர் ஓடுபாதை வந்தது. பலாலியில் போர்க்காலத்து ஓடுபாதைதான் வேலை பார்த்தது.

1978 செப்ரெம்பர் 7 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து பயணிகளை இறக்கிய ஒரு அவ்ரோ, இரத்மலானையில் நின்ற இடத்திலேயே குண்டு வெடித்து எரிந்தது. உயிரிழப்பு இல்லை. அரசியல் வரலாறு எழுதுவோர் இந்தச் சம்பவத்தை அந்நாளில் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்போடு சேர்த்துப் பேசுவார்கள். நமது விடயத்தில் கவனிக்க வேண்டியது அதற்கடுத்து நடந்தது. எயார் சிலோன் ஏற்கெனவே கடனிலும் முறைகேட்டிலும் மூழ்கிக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டு 1979 செப்ரெம்பர் 1ஆந் திகதி எயார் லங்காவைத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் எயார்லைன்சிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707. அடுத்த ஆண்டு லொக்கீட் டிரைஸ்டார். 1984இல் போயிங் 747. ஐந்தே ஆண்டில் நாட்டின் அணி உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானம் வரை ஏறிவிட்டது. கீழ்ப்படியில் இருந்த நாற்பது இருக்கை விமானம் மட்டும் காணாமற் போனது. உள்நாட்டுப் பறப்பு தனியாரின் சிறு விமானங்களுக்கும், விமானப்படையின் ஹெலிருவர்ஸ் சேவைக்கும் போயிற்று. சென்னை, திருச்சிப் பறப்புகள் யாருக்கும் போகவில்லை. தமிழ்நாட்டுக்குப் போக யாழ்ப்பாணத்தான் முதலில் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் போக வேண்டும் என்ற தலைகீழ்ப் பாதை அப்போதுதான் பிறந்தது.

எப்படியும் போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியிருக்குமே, பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990இற்குப் பிறகு எந்த விமானம் இருந்தாலும் பலாலியில் சாதாரணப் பயணிகள் சேவை நடந்திராது என்பதை மறுக்கவில்லை. 1995 ஏப்ரில் 28, 29ஆந் திகதிகளில் பலாலிக்கருகே சுட்டு வீழ்த்தப்பட்ட விமானப்படை விமானங்கள் இரண்டும் அவ்ரோக்களே. ஒருகாலத்தில் வேட்டி சேலையோடு ஏறி இறங்கிய அதே வகை, இராணுவச் சாயத்தில். ஆனால் போருக்கு நடுவிலும் மக்கள் பயணிக்கத்தான் வேண்டியிருந்தது. ஏ-9 வீதி மூடிக் கிடக்க, பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக் கடிதத்தோடு இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே தனியார் விமானங்களில் போய்வந்தார்கள். அந்த விமானங்கள் எங்கிருந்து வந்தன? 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் ஏவுகணையால் தாக்கப்பட்டு 55 பேரோடு மன்னார்க் கடற்பரப்பில் விழுந்தது. விடுதலைப் புலிகளையே அரசு குற்றஞ்சாட்டியது. அதன் சிதைவுகள் இரணைதீவுக் கடலடியில் கிடைக்க 2012 ஆயிற்று. அந்த விமானம் பெலருஸ் நாட்டுப் பதிவு கொண்ட, அங்கிருந்து குத்தகைக்கு எடுத்த அன்ரனோவ்-24. சொந்த நாட்டின் ஒரு மாகாணத்துக்குப் பயணிகளை ஏற்றிப்போக நாட்டின் பதிவேட்டில் விமானம் இல்லை. சோவியத் ஒன்றியம் விட்டுச்சென்ற கையிருப்பிலிருந்து வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. விமானத்தை வீழ்த்தியது போர்தான். வீழ்ந்தது வாடகை விமானமாக இருந்ததற்குக் காரணம் 1979.

இன்னும் வலுவான சான்று போர் முடிந்த பிறகுதான் கிடைக்கிறது. 2009 மே மாதத்துக்குப் பின் பாதுகாப்புக் காரணம் வலுவிழந்தது. கொழும்புப் பறப்பை ஹெலிருவர்ஸ் மீண்டும் நடத்தியது. சீனாவின் எம்ஏ-60 விசிறி விமானங்களையும் கொண்டுவந்தது. அது படையின் விமானம், படையின் நிலையம், சீட்டை விற்பதும் படை. இந்தியப் பறப்புக்கோ மேலும் பத்தாண்டு காத்திருந்தோம். 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு பலாலி திறக்கப்பட்டபோது வந்து இறங்கியது இந்தியாவின் அலையன்ஸ் எயார் ஏரிஆர்-72. கொவிட்டால் நின்ற சேவையை 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியதும் அதே நிறுவனம். 2024 செப்ரெம்பர் 1இலிருந்து சென்னைக்கும், 2025 மார்ச் 30இலிருந்து திருச்சிக்கும் பறப்பது இன்டிகோவின் 78 இருக்கை ஏரிஆர். இலங்கையின் விமானப் பதிவுக்குறி 4ஆர், இந்தியாவினது வி.ரி. பலாலியில் நிற்கும் அந்த விமானத்தின் உடலில் வி.ரி. என்றுதான் எழுதியிருக்கும். 1947இல் கொழும்பு தொடங்கிய தடத்தை இன்று இந்தியா ஓட்டுகிறது.

வான்சேவை தொண்டு நிறுவனம் இல்லை, பெரிய ஜெட்டும் சிறிய விசிறியும் கலந்த அணி செலவைக் கூட்டும் என்று கணக்கு அறிந்தவர்கள் மறுப்பார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி விமானிப் பயிற்சி, தனி உதிரிப்பாகம், தனிப் பொறியியலாளர். எயார் சிலோனைத் தின்றதும் இந்த நோய்தான். ஒரு ரைடன்ற், ஒரு நோர் என்று ஒற்றையொற்றையாய் வைத்திருந்தால் எந்த நிறுவனமும் தேறாது. இந்தளவுக்கு மறுப்பு சரி. ஆனால் ஒரே வகை என்ற கொள்கைக்கு உலகில் பேர்போன நிறுவனங்களில் ஒன்று இன்டிகோ. 2006இல் ஏர்பஸ் ஏ320 ஒன்றை மட்டுமே நம்பித் தொடங்கிய அது, 2017இல் ஏரிஆர் விமானங்களைச் சேர்த்துக்கொண்டது. சிறு ஊர்களுக்கு ஜெட் கட்டாது, அந்த ஊர்களை விட்டுவிட்டால் பெரிய விமானத்துக்கு ஆள் சேராது என்பதே அதன் கணக்கு. நோர்வேயில் 800 மீற்றர் அளவு ஓடுபாதை கொண்ட கரையோரச் சிற்றூர்களுக்கு விடரோ நிறுவனம் டாஷ்-8 விசிறி விமானங்களை ஓட்டுகிறது. நட்டம் வரும் தடங்களுக்கு அரசு கேள்விப்பத்திரம் கோரிப் பணம் கொடுக்கிறது. அதோடு, பெரிய விமானங்கள் நமக்கு இலாபம் கொட்டிக் கொடுத்தனவா? எயார் லங்கா பெயர் மாறிய ஶ்ரீலங்கன் நிறுவனம் 2013இல் கேட்ட ஏ350 விமானங்களை 2016இல் வேண்டாமென்று விட நட்டஈடு கட்ட நேர்ந்தது. அந்தக் காலத்துக் கொள்வனவில் நடந்த கைக்கூலி, 2020 சனவரியில் ஏர்பஸ் நிறுவனம் பிரித்தானிய அதிகாரிகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின் ஆவணங்களில் இடம்பெற்றது. பெரிய விமானத்தில் பெரிய தரகு என்று யாராவது முணுமுணுத்தால் நான் தடுக்கப்போவதில்லை.

தனியாரும் அதே வழியில் போனதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பறந்தவற்றுள் எக்ஸ்போ எயாரும் ஒன்று. ஃபிட்ஸ் எயார் என்று பெயர் மாறிய அதே நிறுவனம் 2022இல் வெளிநாட்டுப் பயணிகள் சேவையைத் தொடங்கியபோது எடுத்தது ஏ320. பறந்தது கட்டுநாயக்கவிலிருந்து டுபாய், சென்னை. வணிகர் இலாபம் பார்ப்பதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பாதைகளை வகுப்பது அரசு. பலாலியில் 4ஆர் விமானம் ஒன்றை வைத்தால் இன்ன சலுகை என்று அது சொல்லியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலேயே பலமாக ஒலிக்கும் குரல் வேறொன்று. ஓடுபாதையை நீட்டுங்கள், ஏ320 இறங்கட்டும், பிறகு எல்லாம் தானாக வரும் என்கிறார்கள். இதோடு என்னால் உடன்பட முடியவில்லை. விசிறி விமானத்தின் இறக்கையில் பெரும்பகுதியை விசிறியின் காற்று தழுவிச் செல்வதால் அது குறைந்த வேகத்திலேயே கிளம்பும்; இறங்கியதும் விசிறி இதழ்களின் கோணத்தை மறுபக்கம் திருப்பினால் அதே காற்று விமானத்தைப் பிடித்து நிறுத்தும். அதனால் 1,300, 1,400 மீற்றர் கிடைத்தாலே ஏரிஆர்-72 வேலை செய்யும். நிறைந்த சுமையோடு ஏ320 கிளம்ப இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். பங்குனி சித்திரை வெயிலில் காற்று ஐதாகும்போது இன்னும் கூட. பலாலி ஓடுபாதை அமைப்பில் 2,300 மீற்றர் வரை நீண்டாலும் அதன் ஓரம், பாதுகாப்பு வெளி எல்லாவற்றுக்கும் நிலம் தேவை. அந்த நிலம் வெறும் பற்றை இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணி, வீடு, கிணறு. 2013 ஏப்ரிலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். அதன்பின் விடுவித்தது கொஞ்சம், விடாதது கொஞ்சம். விமான நிலைய அபிவிருத்தி என்ற பெயர் அந்தக் காணிகளைப் பிடித்து வைக்க இன்னொரு சாட்டாகிவிடும் என்று வசாவிளானிலும் மயிலிட்டியிலும் அஞ்சுவதில் பிழை காண முடியாது.

அந்த விலையைக் கொடுத்துப் பெறப்போவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 180 இருக்கை ஜெட்டை நிரப்ப முடியாவிட்டால் கிழமைக்கு இரண்டு, மூன்று முறைதான் வரும். 78 இருக்கை விமானம் நாள்தோறும் வரும். மருத்துவத்துக்குச் சென்னை போகிறவருக்கும், கலியாணச் சேலை எடுக்கப் போய்த் திரும்புகிறவருக்கும், லண்டனிலிருந்து சென்னை வந்து ஊர் வருகிறவருக்கும் நாள்தோறும் கிடைக்கும் பறப்பே பயன். திருச்சித் தடத்தில் ஜெட் ஏறி முடிக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். அந்தத் தூரத்தில் விசிறிதான் கட்டும்.

ஆகவே ஓடுபாதையைக் கேட்கும் முன் விமானத்தைக் கேட்பதே முறை: ஐம்பதிலிருந்து எண்பது இருக்கை, விசிறி, 4ஆர் பதிவு, இரவில் பலாலியிலேயே தங்கி விடியக் கிளம்பும் இரண்டு விமானங்கள். ஒன்று இரத்மலானைக்கு, மற்றது பாக்குநீரிணைக்கு அப்பால். இன்டிகோ நாளை வேறு தடத்தில் கூடுதல் இலாபம் கண்டு ஏரிஆரை எடுத்துக்கொண்டு போனால், இன்றைய அணியை வைத்துக்கொண்டு கொழும்பால் அந்த இடத்தை ஒரு நாளுக்குக்கூட நிரப்ப முடியாது.