“ஃப்ரீசரில்தானே இருந்தது, டாக்டர்?”

கீமோதெரபி சுற்றுகளுக்கு இடையே வீட்டிற்குச் சென்றிருந்த முதியவர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலை கடும் வயிற்றுப்போக்குடன் மீண்டும் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். முந்தைய நாள் அவரைக் காணப் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வந்திருந்தனர். பன்னிரண்டு பேர் ஒன்றாக அமர்ந்து உண்டனர். ஆட்டுக்கறிக் குழம்பு வியாழக்கிழமை இரவே சமைத்து உறைய வைக்கப்பட்டிருந்தது. உண்டவர்களில் மேலும் நால்வருக்கு வயிற்றுவலி கண்டது. அவர்கள் ஒரே நாளில் தேறினர். முதியவருக்கு ஆறு நாட்கள் ஆயின. அடுத்த சுற்றுச் சிகிச்சையும் தள்ளிப்போயிற்று.

“ஃப்ரீசரில்தானே இருந்தது, டாக்டர்? எப்படிக் கெட்டுப்போகும்?” என்று அவருடைய மனைவி கேட்டார்.

நியாயமான கேள்வி. மருத்துவமனைக்கும் வீட்டிற்குமாக அலையும் பராமரிப்பாளர்களுக்கு, சமைத்து உறைய வைக்கும் உணவு பெரும் உதவி. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் கடுங்குளிர் பெரும்பாலான நுண்ணுயிரிகளைக் கொல்வதில்லை. உறங்க வைக்கிறது, அவ்வளவே. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அவை பெருகுவதில்லை. 5 முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பநிலையே அவற்றுக்கு உகந்த களம். உறைய வைக்கும் உணவு இக்களத்தை மும்முறை கடக்கிறது: ஆறும்போது, உருகும்போது, மீண்டும் சூடாகும்போது.

அளவே ஆபத்து

ஒருவருக்கான கிண்ணத்துக் குழம்பு இக்களத்தை விரைவில் கடந்துவிடும். பன்னிரண்டு பேருக்கான பாத்திரத்தின் நடுப்பகுதியோ, மணிக்கணக்கில் அங்கேயே தங்கும். அந்த வீட்டில் குழம்பு இரவு முழுவதும் மூடிய பாத்திரத்தில் அடுப்பின்மீது ஆறியது. காலையில் ஒரே பெரிய டப்பாவில் ஃப்ரீசருக்குள் சென்றது. ஞாயிறன்று சமையல் மேடையில் உருகியது. ஓரங்களில் கொதி வந்ததும் இறக்கப்பட்டது.

குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கவல்லவை. பெரிய பாத்திரத்துக் கறி மெல்ல ஆறும்போது அவை முளைத்து, ஏற்ற வெதுவெதுப்பில் ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை இருமடங்காகின்றன. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ், வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சை உருவாக்கக்கூடும்; உருவான நச்சை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிக்க இயலாது. ஆகவே, ‘பிறகு நன்றாகச் சூடு செய்துகொள்ளலாம்’ என்ற நம்பிக்கை போதாது. பாதுகாப்பு, முதல்நாள் அடுப்பை அணைத்த கணத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

*ஆற வைத்தல்:* சமைத்ததும் இரண்டு அங்குல ஆழத்திற்கு மிகாமல் அகன்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்துக் கிளறினால் விரைவில் ஆறும். இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் செல்ல வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரத்திற்குள்.

*உறைய வைத்தல்:* ஒரு வேளைக்குத் தேவையான அளவில் சிறு டப்பாக்களாகப் பிரித்து, தேதியை எழுதி வையுங்கள்.

*உருக வைத்தல்:* முந்தைய நாளே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிற்கு மாற்றுங்கள். சமையல் மேடையில் உருக வைக்க வேண்டாம். நேரமில்லையெனில், சிறு டப்பாக் குழம்பை உறைந்தபடியே அடுப்பிலேற்றி, மிதமான தீயில் கிளறிக் கொதிக்க வைக்கலாம்.

*சூடாக்குதல்:* குழம்பும் சாம்பாரும் ஓரத்தில் மட்டுமன்றி நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும், அடிவரை கிளறுங்கள். கெட்டியான உணவின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் ஐயமின்றி அறியலாம். மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சீராகச் சூடாக்குவதில்லை. மூடி வைத்து, இடையில் எடுத்துக் கிளறி, முடிந்தபின் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். ஹாட்பாக்ஸ் சூட்டைக் காக்குமேயன்றி, ஆறிய உணவைச் சூடாக்காது.

*பரிமாறுதல்:* நோயாளிக்குரிய பங்கை, கொதித்து இறக்கியவுடன் முதலில் தனியே எடுத்துவிடுங்கள். பிந்தி வருவோருக்கான டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து, அவர்கள் வந்தபின் சூடாக்குங்கள். ஒருமுறை மீண்டும் சூடாக்கிய உணவில் மிஞ்சியதைத் திரும்பச் சேமிக்க வேண்டாம். கொட்டுவதற்கு மனம் வராது என்பதை அறிவேன். சிறு டப்பாக்களாகப் பிரித்திருந்தால் மிஞ்சுவதே குறைவு.

*மின்தடை:* நிறைந்திருக்கும் ஃப்ரீசர், கதவைத் திறக்காதவரை ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். கீழ்ப்பகுதியிலுள்ள உணவிற்கு நான்கு மணி நேரமே கெடு.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கோ 38 டிகிரி (100.4 பாரன்ஹீட்) காய்ச்சலோ கண்டால், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்தவாறே உடனடியாக மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மையார் பல நாட்கள் தம்மையே நொந்துகொண்டார். குறை அவருடையதன்று. கணவரை வீட்டிற்கு அனுப்பும்போது மாத்திரைகளைப் பற்றி விரிவாக விளக்கிய நாங்கள், சமையலறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம். அவர் கணவர் தேறிச் சிகிச்சையைத் தொடர்ந்தார். பிள்ளைகள் மீண்டும் கூடினர். இம்முறை ஃப்ரீசரில் இருந்தவை தேதியிட்ட ஆறு சிறு டப்பாக்கள்.