கோழிகமுத்தி யானைகள் முகாம்

ஆனைமலை புலிகள் காப்பகம், டாப்சிலிப்

உங்கள் முன் நிற்பவை வனத்துறையின் வளர்ப்பு யானைகள். 19-ஆம் நூற்றாண்டில் இம்மலையில் வெட்டிய தேக்கு மரங்களை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். டாப்சிலிப் என்ற பெயர் அதனால் வந்தது. அன்று இங்கே யானைக்கு மரம் இழுக்கும் வேலை. 1976-இல் இக்காடு சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. இன்று பயிற்சி பெற்ற கும்கிகள், விளைநிலத்துக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்ப உதவுகின்றன.

1972-இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிக்கப்பட்ட கலீம் இவற்றில் பெயர்பெற்றது. 2023-இல் 60 வயதில் பணி ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் அதற்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினார்கள்.

யானையை நடத்துபவர் பாகன். அவருக்குத் துணை காவடி. இங்கு இப்பணியில் இருப்போர் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். குளிப்பாட்டுவது, ராகியும் கொள்ளும் வேகவைத்து உருட்டி ஊட்டுவது, காட்டில் மேயவிட்டுத் தேடி அழைத்து வருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. யானையின் நடையிலேயே நோயைக் கண்டுகொள்ளும் அறிவு, தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது.

காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகிய ஆறு பழங்குடிகளுக்கு ஆனைமலை தாயகம். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக ரோந்து செல்வோரில் பலர் இவர்களே. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவர்களின் நில உரிமையையும், காட்டைக் காக்கும் உரிமையையும் ஏற்கிறது.

யானைகளுக்கு உணவு தராதீர்கள். பாகன் சொல்லும் தூரத்தில் நில்லுங்கள்.